பல்கலைக்கழக உயிரியல் துறைக்குள் என்ன நடக்கிறது? ஒரு வௌவாலிலிருந்து தொடங்கலாம்

[திரையில்: ஒரு முதுகலைப் பாடத்திட்டத்தின் பக்கம் மெதுவாக மேலே நகர்கிறது]

வணக்கம். உயிரியலில் எம்.எஸ்சி. படிக்கலாம் என்று நினைத்துப் பாடத்திட்டத்தைத் திறந்தால் என்ன தெரிகிறது? செல் உயிரியல், மரபியல், உயிர்வேதியியல், சூழலியல், விலங்கு நடத்தை, வகைப்பாட்டியல், உயிரியல் புள்ளியியல். தாள்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் நல்ல துறையில் ஒரே கேள்வி இந்த எல்லா அறைகளுக்குள்ளும் புகுந்து வெளியே வரும். எப்படி என்று காட்டுகிறேன்.

[காட்சி: அந்தி நேரம். பாறைக் குகையின் வாயிலிருந்து வௌவால்கள் பறந்து வருகின்றன]

மதுரை காமராசர் பல்கலைக்கழகம். பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் தாவரவியலாளர் எர்வின் பன்னிங்கிடம் ஆய்வு செய்துவிட்டு இங்கே வந்தவர். செடிகளுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று பீன்ஸ் செடிகளை வைத்து ஆராய்ந்தவர் பன்னிங். பீன்ஸ் இலைகள் தொடர்ந்து இருட்டிலேயே இருந்தாலும் பகலில் எழும், இரவில் தாழும். மதுரைக்கு வந்த சந்திரசேகரன் அதே கடிகாரத்தைத் தேடிப் போன இடம் ஒரு குகை.

அங்கே இலைமூக்கு வௌவால்கள் வாழ்கின்றன. குகையின் ஆழத்தில் வெளிச்சம் கிடையாது, வெப்பநிலையும் ஏறக்குறைய மாறாது. அப்படியிருந்தும் பொழுது சாயும்போது கூட்டம் சரியாக வெளியே கிளம்புகிறது. உள்ளே இருப்பவற்றுக்கு நேரம் எப்படித் தெரிகிறது?

சோதனை எளிமையானது. குகையின் இருட்டுப் பகுதியில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். அதன் அசைவுகளை ஒரு கருவி பதிவு செய்யும். ஒவ்வொரு நாளின் பதிவையும் முந்தைய நாளின் பதிவுக்குக் கீழே ஒட்டிக்கொண்டே வர வேண்டும். கீழ்நோக்கி நேராக ஒரு கறுப்புப் பட்டை இறங்கினால், வௌவால் தினமும் ஒரே நேரத்தில் விழிக்கிறது என்று அர்த்தம். பட்டை சாய்ந்தால், அதன் கடிகாரம் 24 மணி நேரத்திலிருந்து நழுவுகிறது.

[வரைபடம்: முதலில் நேராக இறங்கும் பட்டை, பிறகு சாய்ந்து போகும் பட்டை]

குகையில் மற்ற வௌவால்கள் சுதந்திரமாகப் பறந்து போய்வந்தவரை பட்டை நேராக இறங்கியது. சுற்றிலும் கூட்டம் இல்லாதபோது சாய்ந்தது. ஆக, கூண்டில் இருந்த வௌவாலுக்குச் சூரியனைக் காட்டியது அதன் கூட்டத்தார்தான். மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981இல் இதை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னும் ஒரு படி போனார்கள். உயிரியல் வகைப்பாட்டில் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை அதே கூட்டத்துக்கு நடுவில் வைத்தார்கள். அதன் கடிகாரம் இந்தக் கூட்டத்தின் நேரத்துக்கு ஒத்துவரவில்லை. அடுத்த இனம் போடும் சத்தம் அதற்கு மணி அடிக்கவில்லை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அழகாகவே இருக்கிறது.

சரி, இது எந்தத் தாள்? விலங்கு நடத்தை என்று சொல்வீர்கள். ஆனால் எந்த வௌவால் எந்தக் குடும்பம் என்று தெரியாமல் இரண்டாவது சோதனையே இல்லை. அது வகைப்பாட்டியல். அந்தக் கடிகாரம் உடலுக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உடலியங்கியல். எதனால் ஆனது என்று கேட்டால் மரபியல்: 1971இல் கொனோப்காவும் பென்சரும் பழ ஈக்களில் மூன்று வகைப் பிறழ்வுகளை, அதாவது மரபணு மாற்றங்களை, கண்டார்கள். ஒன்றுக்கு நாள் 19 மணி நேரம், ஒன்றுக்கு 28, இன்னொன்றுக்கு நாள் என்பதே இல்லை. மூன்றுக்கும் காரணம் ஒரே மரபணு. அந்த மரபணுவும் அது உருவாக்கும் புரதமும் எப்படி இயங்குகின்றன என்று பிரித்துக் காட்டியதற்குத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு. அதற்குள் நாம் மூலக்கூறு உயிரியல் அறைக்கே வந்துவிட்டோம்.

[காட்சி: வெள்ளாற்றின் முகத்துவாரம், படகுகள்]

புள்ளியியல் மட்டும் தனியாக நிற்கிறதே என்பீர்கள். மாணவர்கள் பலர் வேண்டாவெறுப்பாகப் படிக்கும் தாள் அது. அதற்குப் பரங்கிப்பேட்டைக்குப் போகலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டு இனம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. களப்பணிக்குப் போகிறவர்கள் மரங்களை அடையாளம் காணப் பழகுவதில் இப்படி ஒரு அவசரமும் உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கதிரேசன், ராஜேந்திரன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கடற்கரையில் 18 குடியிருப்புகளின் இழப்புகளை ஒப்பிட்டு, அலையாத்திக் காடுகள் உயிர்களைக் காத்தன என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அந்தத் தரவுகளையே எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு உயரம், இந்த இரண்டுமே இழப்பின் வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்கிவிடுகின்றன, காடு கூடுதலாக விளக்குவது கொஞ்சம்தான் என்றார்கள். காடு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல இந்த வாதம். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் பெரும்பாலும் கடலைவிட்டுத் தள்ளித்தான் இருக்கும். அப்படியானால் காப்பாற்றியது காடா, தூரமா? இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், கடற்கரையில் எங்கே வீடு கட்டலாம் என்று கேட்டு வருகிறவருக்குத் தவறான பதிலைச் சொல்லிவிடுவோம். மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு இது. அதனால்தான் அந்தத் தாளை வெறுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

[காட்சி: துறை நூலகம், வரிசையாக ஆய்வேடுகள்]

சேர்வதற்கு முன் ஒரு நாள் துறைக்கு நேரில் போய் வாருங்கள். நூலகத்தில் கடைசி நாலைந்து வருட ஆய்வேடுகளின் தலைப்புகளை மட்டும் புரட்டுங்கள். ஒரே கேள்வி வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆய்வகத்துக்குப் போய், அங்கே வேலை செய்கிற ஆய்வு மாணவர் யாரிடமாவது, "இப்போ எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, "இதைப் பாருங்களேன்" என்று சொன்னால், உட்காருங்கள்.