காட்டுப்பாதையில தண்ணிக்கு வழி விடுறது எப்படி?

[காட்சி: மழையில ஒரு ஒத்தையடிப் பாதை. நடுவுல செந்தண்ணி ஓடுது.]

இந்தப் பாதை இப்படிக் கெட்டுப்போனதுக்கு நடந்து போற ஆளுங்கதான் காரணம்னு தோணும். கால் பட்டா மண் இறுகும், நடுவுல லேசா ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துல மழைத்தண்ணி இறங்கிட்டா கதை வேற. ஐப்பசி கார்த்திகை அடைமழை முடியுறதுக்குள்ள பாதை ஓடையாகி, வேரும் கல்லும்தான் மிஞ்சும். நம்ம நெல்லைப் பக்கத்து மலைக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல கொட்டுன மழையை நெல்லைக்காரங்களுக்கு ஞாபகப்படுத்தவே வேண்டாம்.

அதனால பாதை பராமரிக்கப் போற தன்னார்வலர் குப்பை பொறுக்கக் கத்துக்கிறதோட, தண்ணியைப் படிக்கவும் கத்துக்கணும்.

[காட்சி: வனத்துறை சோதனைச்சாவடி]

முதல்ல அனுமதி. பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு தலையணை, திருக்குறுங்குடி நம்பி கோயில் பக்கத்து மலை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1988-ல வந்த காப்பகம், தமிழ்நாட்டுல இதுதான் முதல். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாம உள்ள போறதே குத்தம். நல்லது செய்யத்தான் போனோம்னு சொன்னாலும் அருவாளோட நின்னா நிலைமை மோசம். வனச்சரக அலுவலகத்துல எழுத்துல கேளுங்க: எத்தனை பேர், எந்தத் தேதி, எந்தப் பாதை, என்னென்ன கருவி. காட்டுத்தீ காலத்துல கேட்டா பெரும்பாலும் கிடைக்காது. சாரலுக்கு முன்னாடி ஒரு தடவை, புரட்டாசியில ஒரு தடவைன்னு கேட்கிறது நல்லது.

கூட வர்ற வேட்டைத் தடுப்புக் காவலர் "இதுக்கு மேல வேண்டாம்"னு சொன்னா, ஏன்னு கேட்டு நிக்காம திரும்பணும். யானை வாடை அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

[காட்சி: தரையில வரிசையா கருவிகள்]

எட்டுப் பேருக்கு மம்பட்டி மூணு, கடப்பாரை ரெண்டு, சாந்துச்சட்டி மூணு, வெட்டருவா ரெண்டு, ஒரு கைரம்பம் போதும். எல்லாரும் ஒரே நேரத்துல வெட்டுற கருவியை எடுத்தா ஒருத்தர் கால்ல ஒருத்தர் வெட்டிக்குவாங்க. வேலையில ஆளுக்கு ஆள் மூணு மீட்டர் இடைவெளி. நடக்கும்போது கருவி பள்ளத்துப் பக்கக் கையில இருக்கட்டும், தோள்ல வேண்டாம். வழுக்கினா வெளிய எறிஞ்சிடலாம்.

[காட்சி: பாதைக்குக் குறுக்க ஒரு கம்பு, அதுமேல தண்ணி பாட்டில்]

இப்போ வேலைக்கு வருவோம். மலைச்சரிவுல போற பாதை பள்ளத்துப் பக்கமா லேசா சாய்ஞ்சிருக்கணும். எவ்வளவு? ஒரு மீட்டர் அகலத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர். அளக்கறதுக்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் நேர்க்கம்பை பாதைக்குக் குறுக்க வைங்க, அதுமேல பாதி தண்ணி இருக்கிற பாட்டிலைப் படுக்கப் போடுங்க. தண்ணி சமமா நிக்கிற வரைக்கும் கம்போட வெளிப்பக்க நுனியைத் தூக்குங்க. நுனிக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் சாய்வு. பத்து சென்டிமீட்டர் வந்துட்டா ஈரத்துல கால் வழுக்கும்.

நடக்க நடக்க பாதையோட வெளி ஓரத்துல மண் ஒதுங்கி வரப்பு மாதிரி எழும்பும். வயல்ல வரப்பு தண்ணியை நிறுத்தணும், இங்க அது நிக்கவே கூடாது. அந்த வரப்பை மம்பட்டியால சீவி, மண்ணைப் பாதை நடுப்பள்ளத்துல போட்டு மிதிச்சு இறுக்குங்க. பாதி பிரச்சினை இதுலயே தீரும்.

செங்குத்தா ஏறுற இடத்துல இது போதாது. அங்க மடை வேணும், அதாவது பாதையில ஓடி வர்ற தண்ணியைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிடுற கல்வரிசை. பாதைக்குக் குறுக்க, நேர்க்கோடா இல்லாம, 30-லிருந்து 45 டிகிரி சாய்வா கல்லை வரிசையா பதிக்கணும். மேட்டுப் பக்க முனை மேல, பள்ளத்துப் பக்க முனை கீழ. ஒவ்வொரு கல்லும் மூணுல ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள இருக்கணும், கல்லோட கல் ஒட்டி உக்காரணும். ஒரு கல்லு மேல ஏறி நின்னு ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா தோண்டித் திரும்பப் பதிங்க, சின்னக் கல்லைச் சொருகிச் சமாளிக்காதீங்க, முதல் வெள்ளத்துலயே அது உருவிப் போயிடும்.

கல்வரிசையோட சாய்வு குறைவா இருந்தா வண்டல் தேங்கி மடை மூடிக்கும், தண்ணி கல்லு மேல ஏறிக் குதிச்சுப் பாதையிலயே ஓடும். சாய்வு அதிகமானா வேகத்துல கல்லடியை அரிச்சிடும். வெளிவாயை மம்பட்டி அகலத்துக்கு ரெண்டு மடங்கு திறந்து, மண் அரிக்காம இருக்க அங்க கல்லைப் பரப்பிவிடுங்க. எத்தனை அடிக்கு ஒரு மடைங்கறது மண்ணையும் ஏத்தத்தையும் பொறுத்தது. கடும் ஏத்தத்துல 15 மீட்டருக்கு ஒண்ணு, லேசான ஏத்தத்துல 30 மீட்டருக்கு ஒண்ணுன்னு ஆரம்பிங்க.

தண்ணி தேங்குற இடத்துல மண்ணைக் கொட்டி மேடாக்குறதுதான் எல்லாரும் செய்யற தப்பு. ரெண்டு மழையில அது சேறாகும், ஆளுங்க சேறை ஒதுங்கிப் பக்கத்துல நடப்பாங்க, பாதை மூணா விரியும். மண்ணைக் கொட்டாதீங்க, தண்ணி வெளியேற வாய் திறங்க.

[காட்சி: உண்ணிச்செடிப் புதர்]

பாதையை அடைக்கிற களையான உண்ணிச்செடியை (லாண்டானா) அருவாளால வெட்டினா மறுபடி இன்னும் அடர்த்தியா தழைக்கும். தண்டும் வேரும் சேர்ற இடத்துக்கு மூணு அங்குலம் கீழ மம்பட்டியால வெட்டி, செடியைத் தலைகீழா நிறுத்துங்க, வேர் வெயில்ல காயட்டும். காய் பிடிக்கிறதுக்கு முன்னாடியே இதைச் செய்யணும், பழத்தைத் தின்ன பறவைங்கதான் விதையைப் பரப்புது. மத்தபடி தலைக்கு மேல இடிக்கிற கிளையும் குறுக்க விழுந்த மரமும் மட்டும், அதுவும் காவலர் காட்டினா.

கல்லைப் புரட்டும்போது கையை அடியில விடாதீங்க. கடப்பாரையால உங்க பக்கம் இழுத்துப் புரட்டுங்க, அடியில விரியன் இருந்தா அது எதிர்ப்பக்கம் வெளிய போகும். கடிச்சிட்டா கட்டும் போடக்கூடாது, கீறவும் கூடாது. கையோ காலோ அசையாம வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். மலை மேல செல்போன் சிக்னலை நம்பாம, வண்டி எங்க நிக்கும்னு காலையிலயே பேசி வச்சிருங்க.

[காட்சி: மழை விட்ட மறுநாள், ஒரு மடை]

கடைசியில ஒரு வேலை பாக்கி. நல்ல மழை விட்ட மறுநாள் அனுமதியோட போய் ஒவ்வொரு மடையா பாருங்க. சருகும் வண்டலும் வாயை அடைச்சிருந்தா காலாலயே தள்ளிவிடலாம், அஞ்சு நிமிஷ வேலை. அதை மார்கழி வரைக்கும் விட்டா கல்லையே எடுத்துத் திரும்பப் பதிக்க வேண்டிவரும். திரும்பும்போது கருவியிலயும் செருப்புலயும் ஒட்டுன மண்ணை அங்கேயே சுரண்டிப் போட்டுட்டு இறங்குங்க, இந்த மலையோட களை விதை அடுத்த மலைக்குப் போகாது.