நச்சரிப்பே காக்கிறது!

நடுவர் அவர்களே, ஏசிக்காக இவ்வளவு சூடாகப் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘வெயில் கொளுத்தும் வாரத்தில் ஓய்வு பெற்ற தம்பதியரைப் பெரிதும் காப்பது ஏசியா, ஒருவரை ஒருவர் நச்சரிப்பதா?’ இதுதான் இன்றைய தலைப்பு. நச்சரிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன். என்னை இந்த அணியில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் எங்கள் வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேசுவதாக இல்லை.

எதிரணித் தலைவர் கையில் கணக்கோடு வந்தார். 2021 கோடையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைத் தாக்கிய வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டில் ஏசி இல்லை, ஆகவே ஏசியே காக்கும் என்று முடித்துவிட்டார். கணக்கு சரிதான். ஆனால் அந்த மரணங்களைப் பற்றிய விசாரணை அறிக்கையை அவர் பாதியில் மூடிவிட்டார். மீதியை நான் படிக்கிறேன். இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். 98 சதவீதம் பேரை வெப்பம் வீழ்த்தியது தெருவில் அல்ல, வீட்டுக்குள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். ‘அந்த அறை கொதிக்கிறது, எழுந்து இந்தப் பக்கம் வாருங்கள்’ என்று விரட்ட அங்கே யாரும் இல்லை. 1995இல் சிகாகோ நகரத்து வெப்ப அலையை ஆராய்ந்தவர்களும் இரண்டையும் எழுதிவைத்தார்கள்: ஏசி காப்பாற்றியது, பழகிய மனிதர்கள் பக்கத்தில் இருந்ததும் காப்பாற்றியது. எதிரணி முதல் பாதியை எடுத்துக்கொண்டது. மறுபாதி எங்களுக்குப் போதும்.

ஏன் போதும் என்கிறேன்? முதுமையில் உடம்பு செய்யும் ஒரு துரோகத்தால். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்குகிறது. உடலில் நீர் குறைந்திருக்கும், ஆனால் தொண்டை வறளவில்லை என்று மூளை நம்பிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் திறனும் முன்போல் இருக்காது. வியர்வையும் குறையும். இப்படிப்பட்ட உடம்பிடம் போய் ‘தாகம் எடுத்தால் குடித்துக்கொள்’ என்று விட்டுவிட முடியுமா?

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரம்மா வருகிறார். காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கிறார். பதினோரு மணிக்கு அந்த வழியாகப் போகிறவர் கணவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, பாட்டிலின் கழுத்தைப் பார்க்கிறார்.

“என்னங்க, தண்ணீர் குடித்தீர்களா?”

“குடித்தேனே.”

“பாட்டில் வைத்தபடியே இருக்கிறதே?”

“வேறு பாட்டிலில் குடித்தேன்.”

முப்பத்தைந்து ஆண்டுகள் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் சொல்லும் பொய்யா இது? வேறு பாட்டில் அந்த வீட்டிலேயே கிடையாது. பன்னிரண்டு மணிக்கு இதே விசாரணை, ஒன்றரைக்கு மறுபடியும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மூன்றாவது முறை கேட்டபோது அவர் எரிச்சலோடு பாட்டிலைத் தூக்கி மடமடவென்று குடித்தார். எரிச்சலோடு குடித்தாலும் தண்ணீர் உடம்புக்குள்தான் போகிறது, நடுவர் அவர்களே.

தண்ணீரைக் கண்டபடி ஊற்றச் சொல்வதாக எண்ண வேண்டாம். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நீர்தான் என்று மருத்துவர் அளவு சொல்லியிருப்பார். அந்த அளவை நினைவில் வைத்திருந்து, ‘போதும், வையுங்கள்’ என்று நிறுத்துவதும் அதே குரல்தான். சிறுநீரைக் கூட்டும் மாத்திரை உடலில் நீரைக் குறைக்கும், வேறு சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். ‘வெயில் இப்படி அடிக்கிறதே, இந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்’ என்று வாரம் முழுவதும் ஓதிக்கொண்டிருக்க எந்த ஏசிக்குத் தெரியும்?

இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. வெப்பத் தாக்கு கடுமையாகும்போது மனம் குழம்பும், பேச்சு தடுமாறும். ஆபத்தின் பெரிய அறிகுறியே இந்தக் குழப்பம்தான். குழம்பியவருக்குத் தாம் குழம்பியிருப்பது தெரியாது. நான்கு மணிக்கு, ‘இன்று என்ன கிழமை?’ என்று மனைவி சும்மா கேட்கிறார். ‘எனக்கென்ன மறதியா?’ என்று அவர் சீறினால் பயமில்லை. சீறாமல் விழித்தால் உடனே அவசர உதவியை அழைத்து, குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து விசிற வேண்டும். அந்த நேரத்தில் ஏசி என்ன செய்யும்? தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஓடும்.

சரி, ஏசிக்கே வருவோம். நானும் அதைப் பகைக்கவில்லை. ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் வீட்டில் அந்த ரிமோட் என்ன பாடு படுகிறது? அவர் 18இல் வைப்பார், அம்மா போர்வையைத் தேடுவார். அம்மா அணைப்பார், அவர் மின் கட்டணத்தை மறந்து மறுபடி போடுவார். உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு வழி சொல்கிறது: ஏசியை 27 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள், அறை 4 டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். இருவரும் சண்டை போட்டுச் சண்டை போட்டு ஏறத்தாழ அதே 27க்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மின்விசிறி மட்டும் உள்ள வீட்டுக்கும் அதே நிறுவனம் ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது: வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி சூட்டைத்தான் வாரி இறைக்கும். அப்போது அதை நிறுத்து என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். வெயில் படும் பக்கத்துத் திரையைக் காலையிலேயே இழுத்துவிட ஒரு கை வேண்டும். வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு ஜன்னலைத் திறக்கச் சொல்லி, தூக்கத்தில் இருப்பவரைத் தட்டி எழுப்பும் துணிச்சலும் வேண்டும்.

‘ஒரு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்’ என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். அந்த ஒரு வாரம்தான் சிக்கல். வெப்பத்துக்கு உடம்பு பழகவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். பழகுவதற்குள் வாரம் முடிந்துவிடுகிறது.

மூன்றாவதாக வந்த இளைஞர் கைபேசியில் நினைவூட்டல் மணி வைத்துக்கொள்ளலாம் என்றார். கைத்தட்டலும் வாங்கினார். தம்பி, மணி அடித்தால் ஒரு விரலால் அணைத்துவிடலாம். மனைவியை அப்படி அணைத்துப் பார்த்தவர் இந்த அவையில் யாராவது இருந்தால் எழுந்து நிற்கட்டும்.

நச்சரிப்பு நிம்மதியைக் கெடுக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பணியில் இருந்த காலத்தில் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததே இல்லை. இப்போது அதே ஐந்து மணி நேரத்தை ஒரே அறையில், மூடிய திரைக்குள் கழிக்க வேண்டியிருக்கிறது. புதன்கிழமைக்குள் இருவரும் பேசாமல் போய்விடும் வீடுகள் உண்டு. ஆனால் பேச்சுவார்த்தை முறிந்த அந்தப் புதன்கிழமையும் பாட்டில் நிரம்பிய நிலையில் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். ‘டொக்’ என்று வைக்கும் ஓசையில் கோபம் இருக்கலாம். தண்ணீர் இருக்கிறது அல்லவா?

இது மனைவிமாரின் ஏகபோகமும் அல்ல. நடுப்பகலில் துணி உலர்த்த மாடிக்குக் கிளம்பும் அம்மாவைப் படிக்கட்டிலேயே மறித்து, ‘மாலையில் காயட்டும், என்ன அவசரம்?’ என்று கத்தும் கணவர்களும் எங்கள் அணிதான். துணையை இழந்து தனியாக இருக்கும் பெரியவருக்குக் காலையும் மாலையும் போன் செய்து, ‘எந்த அறையில் இருக்கிறீர்கள், ஜன்னல் திறந்திருக்கிறதா, தண்ணீர் குடித்தீர்களா?’ என்று குடையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்கிறோம்.

நடுவர் மணியை அடித்துவிட்டார். முடிக்கிறேன் ஐயா. மூன்று பேரின் பேச்சைக் கேட்டு முடித்துவிட்டீர்கள், உங்கள் முன்னால் இருக்கும் டம்ளர் வைத்தபடியே இருக்கிறது. முதலில் அதைக் குடியுங்கள், பிறகு தீர்ப்பைச் சொல்லுங்கள். வணக்கம்.