அந்தக் கதவை எடுத்தவன் வெளியூரான்

நடுவர் ஐயா அவர்களுக்கும், நான் வாய் திறக்க முன்னமே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணிக்கும், வெயில் தாழுமுன் வந்து கதிரை பிடித்துக்கொண்ட மட்டக்களப்புச் சனத்துக்கும் வணக்கம். பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு தரம் சொல்லிவிடுகிறேன். பயணம் போகிற இடத்தில் பழைய கதவு, கட்டடம், தெரு என்று படமெடுத்துத் திரிவதால் அந்த ஊருக்கு ஏதும் பயன் உண்டா, இல்லை அது எடுக்கிறவரின் பொழுதுபோக்கு மட்டும்தானா? பயன் உண்டு என்று சொல்ல வந்தவன் நான்.

எனக்கு முதல் பேசின தங்கச்சி ஒரு இடத்தில் என் கையையே தட்ட வைத்துவிட்டார். "காரை பெயர்ந்த சுவர் உங்களுக்கு அழகு, உள்ளே இருக்கிறவளுக்கு அது மழைக்கு ஒழுகுகிற சுவர்" என்றார். மறுக்க மாட்டேன். துப்பாக்கிச் சன்னம் துளைத்த சுவருக்கு முன்னால் நின்று கூலிங் கிளாஸ் போட்டுச் செல்பி எடுத்தவர்களை நானும் கண்டிருக்கிறேன், வயிறு எரிந்திருக்கிறது. ஆனால் தங்கச்சி, செல்பிக்காரருக்குச் சுவர் ஒரு பின்புறம், அவ்வளவுதான். நாம் பேச வந்தது கதவையே பார்க்கிறவனைப் பற்றி.

இப்போது எல்லோரும் போனை எடுங்கள். கல்யாணம் இருக்கும், சாமத்தியவீடு இருக்கும், கேக் வெட்டுகிற படம் நாற்பது இருக்கும். உங்கள் வீட்டு முன்கதவு, ஆள் யாரும் மறைக்காமல் நிலையோடு படியோடு முழுசாகத் தெரிகிற படம் ஒன்று வைத்திருக்கிறவர்கள் கை தூக்குங்கள். ஒரு கை. அண்ணன் அதை வீடு விற்கிற விளம்பரத்துக்கு எடுத்தாராம். சரி, கணக்கில் சேர்ப்போம்.

நாம் எடுக்க மாட்டோம் ஐயா. தினமும் திறந்து மூடுகிற சாமான் கண்ணுக்குத் தெரியாது. ஊர் புதிதாய் இருக்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

அதுவும் நம்முடைய ஊர்க் கதவு லேசுப்பட்டதா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில், தமிழ் வீடோ முஸ்லிம் வீடோ, வீடு மகளுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். அதனால் முதிரை மரத்தில் செய்த பழைய இரட்டைக் கதவொன்று இன்னும் நின்றால், அது தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று கை மாறி வந்த கதவு. உறுதிக் காகிதத்தில் காணியின் அளவு இருக்கும், எல்லை இருக்கும். கதவில் எத்தனை பூ செதுக்கியிருந்தது என்று எந்த உறுதியில் எழுதியிருக்கிறது?

நின்றால் என்றேன். எத்தனை நிற்கிறது? 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைக் கண்டவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். அதற்குப் பிறகு சண்டை. பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி. இவ்வளவுக்கும் தப்பினதை லொறியில் வந்து பழைய மரம் என்று விலை பேசி ஏற்றிக்கொண்டு போகிறார்கள், நாமும் அலுமினியக் கதவு கறையான் அரிக்காது என்று சந்தோசமாகக் கொடுத்துவிடுகிறோம்.

எதிரணி அண்ணன் ஒருவர், கோட்டையையும் கல்லடிப் பாலத்தையும் ஆயிரம் பேர் எடுத்தாயிற்று, இனி என்ன என்று கேட்டார். அதில் அவர் சொல்வது சரி. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டைக்கு வரைபடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. 1924இல் கட்டின இரும்புப் பாலம் புதுப் பாலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, பௌர்ணமிக்கு வாவியில் மீன் பாடுகிறதைக் கேட்கப் போகிறவர்கள் அதையும் எடுக்காமல் வருவதில்லை. நான் வாதாடுவது புளியந்தீவில் இரண்டு ஓட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டிய ஒழுங்கைகளுக்காக. அங்கே ஒரு பலகைக் கதவுக் கடை இருந்தால் அதற்குப் பாலத்தைப் போல ஆயிரம் படம் கிடையாது. ஒன்று இருந்தாலே பெரிய காரியம்.

பரிஸ் நகரத்தில் அட்ஜே என்று ஒருவர் இருந்தார். நாடகத்தில் நடித்துச் சரிவராமல், பாரமான மரக் கமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் சுமந்துகொண்டு கதவு, கதவில் தட்டுகிற இரும்பு வளையம், படிக்கட்டுக் கைப்பிடி, கடைப் பலகை என்று முப்பது வருடத்துக்கு மேல் ஆயிரக்கணக்கில் எடுத்தார். அவர் அதைக் கலை என்று பெருமையடிக்கவில்லை, ஆவணம் என்றுதான் விற்றார். அவர் எடுத்த தெருக்களில் எத்தனையோ இன்றில்லை, படம் இருக்கிறது. போலந்தில் வார்சோ நகரத்தின் பழைய பகுதியை 1944இல் ஜெர்மன் படை தரைமட்டமாக்கியது. போர் முடிந்து அதைத் திரும்பக் கட்டினபோது கையில் இருந்தவை கட்டடக்கலை மாணவர்கள் முன்பு அளந்து வரைந்த தாள்களும், பழைய போட்டோக்களும், 18ஆம் நூற்றாண்டில் பெலோட்டோ என்ற இத்தாலியர் வரைந்த ஓவியங்களும். 1980இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வெளியூர்க்காரன் ஒருவன் தெருவில் நின்று பார்த்து வரைந்தது கிட்டத்தட்ட இருநூறு வருடம் கழித்து அந்த ஊருக்கே வீடு கட்ட உதவியிருக்கிறது, நடுவர் ஐயா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்காகக் கண்ட பாட்டுக்கு எடுக்கச் சொல்லவில்லை. முதலில் படலையில் நின்று கூப்பிடுங்கள். கேட்டு எடுத்தால் படத்தோடு ஒரு தேத்தண்ணியும், கதவு வந்த கதையும் கிடைக்கும், வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நடவுங்கள். எடுக்கும்போது கதவுக்கு நேர் எதிரே, கமரா கதவின் பாதி உயரத்தில் இருக்கும்படி பிடியுங்கள். தலையை அண்ணாந்து எடுத்தால் நிலை மேலே ஒடுங்கிக் கூம்பிப் போகும், பிறகு அதை வைத்து ஒரு அளவும் எடுக்க முடியாது. உச்சி வெயிலில் செதுக்கு வேலை தட்டையாகிவிடும், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு இதழும் எழுந்து நிற்கும். பக்கத்து வீடும் தெரிய ஒன்று, தாழ்ப்பாள் மட்டும் ஒன்று. இன்னொன்று, போனில் இடத்தைப் பதிகிற லொகேஷன் வசதி திறந்திருந்தால் எடுத்த நாளும் இடமும் படத்துக்குள்ளேயே பதிவாகும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் கழன்றுவிடும், டொக்கியுமென்ட் என்று அனுப்பினால் கழலாது.

மணி அடிக்கிறார்கள். இரண்டு நிமிடம் ஐயா, எதிரணிக்கு மூன்று கொடுத்தீர்கள்.

என் பெத்தாவின், அதுதான் பாட்டியின், வீடு கல்லடிக் கடற்கரைப் பக்கம். 2002இல் சமாதானம் என்று பாதைகள் திறந்தபோது தோளில் கமராவோடு ஒருவர் ஒழுங்கையால் நடந்து வந்தார், கதவை எடுக்கலாமா என்று கேட்டார். பெத்தா உள்ளே போய் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். வந்தவருக்கோ கதவு மட்டும்தான் வேண்டும், சொல்லவும் கூச்சம், சொல்லாமலும் முடியவில்லை. "மனிசரை விட்டுட்டுக் கதவைப் படம் புடிக்கிறான் மனே, விசரன் போல" என்று பெத்தா என்னிடம் முணுமுணுத்துக்கொண்டு அரை அடி தள்ளி நின்றார், அதற்கு மேல் அசையவில்லை. அவரும் அப்படியே எடுத்தார். சொன்னபடி தபாலில் ஒரு பிரதி வந்தது, செங்கலடியில் இருக்கிற சின்னம்மா அதைக் கேட்டு வாங்கி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தார்.

பெத்தா அடுத்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கடுத்த வருடம் கடல் வந்து வீட்டை எடுத்தது, நாங்கள் வரிசையாய் நின்று எடுத்த கல்யாண அல்பம் எல்லாவற்றையும் சேர்த்து. மிஞ்சினது அந்த விசரனின் படம் ஒன்றுதான்.

அக்காவுக்கு வீடு கட்டினபோது அதைத்தான் ஆசாரியாரிடம் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, சட்டம் எத்தனை, பூ எத்தனை, கொண்டியில் ஆணி எத்தனை என்று பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். வலப்பக்கக் கதவு உள்ளே திறந்து இருட்டில் கிடந்தது, இடப்பக்கத்தைப் பார்த்துத்தான் இரண்டையும் செய்ய வேண்டும். எல்லாம் செய்து கொடுத்தார். கீழ்ப்பலகை மட்டும் பூவில்லாமல் வெறுமையாக இருக்கிறது, ஏனென்றால் படத்தில் அந்த இடத்தைப் பெத்தாவின் சேலை மறைத்துக்கொண்டு நிற்கிறது.