நடுவில் நிற்கும் பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால் வரிசையில் இருந்த மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

துறையூர் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியலுக்கான கட் ஆஃப் 200க்கு 168. பக்கத்தில் ஒரு சின்ன நிகர்நிலைப் பல்கலைக்கழகம் (டீம்டு யூனிவர்சிட்டி). செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று ஒரு பிரிவு, ஆண்டுக்கு 3 லட்சம். அரசு நடத்தும் பொறியியல் கவுன்சலிங்கில் போனால் அந்தப் பிரிவு கிடைக்காது, ஈ.சி.ஈ. என்கிற மின்னணு, தகவல் தொடர்புப் பிரிவு அல்லது மெக்கானிக்கல்தான் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் 50,000 கட்டினால்தான் சீட் நிற்குமாம். கடைசியில் கேட்கிறார்: "ஒன்றரை ஏக்கர் இருக்கு சார். அதை வைத்துக் கட்டிவிடலாமா? அந்தக் கடனை இந்தப் படிப்பு தாங்குமா?"

தாங்குமா என்று கேட்டார் பாருங்கள். 31 வருடம் வங்கியில் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் கல்விக்கடன் மேசையில். நல்ல கல்லூரியா, சார் என்று கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தாங்குமா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. ஐயா, நீங்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கு. வருடம் 3 லட்சம், நாலு வருடம், 12 லட்சம். ஹாஸ்டல், பஸ், லேப்டாப் எதையும் சேர்க்கவில்லை. வங்கிக் கடனாக எடுத்தால் படிக்கிற நாலு வருடமும், முடித்த பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். முதல் வருடம் எடுத்த 3 லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி ஒன்றரை லட்சம். இரண்டாம் வருடத்துக்கு 1.2 லட்சம், மூன்றாவதுக்கு 90 ஆயிரம், நான்காவதுக்கு 60 ஆயிரம். மொத்தம் 4.2 லட்சம். தவணை தொடங்குகிற அன்று உங்கள் மகள் பெயரில் நிற்பது 16.2 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 21,400. பதினைந்து வருடமாக நீட்டினால் 17,400.

இப்போது சம்பளம். பெரிய ஐ.டி. கம்பெனிகள் கூட்டமாக எடுக்கும்போது தொடக்கச் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியேதான் இருக்கிறது. பிடித்தம் போகக் கையில் 25,000 வந்தால் அதிகம். சென்னையிலோ பெங்களூரிலோ ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு என்று போனால் என்ன மிஞ்சும்? 21,400 எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கி சொத்து ஈடு கேட்கும். விவசாய நிலத்தை ஈடாக எடுக்க வங்கிகள் தயங்கும். தவணை நின்றுபோனால் வங்கி நேரடியாகச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கிறது, அதனால்தான் தயக்கம். அப்புறம் என்ன நடக்கும்? ஊரிலேயே ரெண்டு வட்டிக்கு வாங்குவார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் சின்னதாகத் தெரியும். 12 லட்சத்துக்கு மாதம் 24,000, அதுவும் வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும். இதை மட்டும் செய்துவிடாதீர்கள் ஐயா. கையெடுத்துக் கேட்கிறேன்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. அந்தக் கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ, அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும்; இரண்டும் தரத்தைச் சோதித்துத் தரும் தேசிய அளவிலான சான்றுகள். 2024 நவம்பரில் வந்த வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடு இல்லாமலே கடன் கிடைக்கிறது. ஆனால் அது தரவரிசையில் வந்த குறிப்பிட்ட நிறுவனங்களுக்கு மட்டும். வங்கிகளும் தங்களுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கும். எந்தக் கல்லூரிக்கு ஈடில்லாமல் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று அதில் இருக்கும். உங்கள் கிளை மேலாளரிடம் போய், "இந்தப் பெயர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் முகத்திலேயே பாதி பதில் தெரிந்துவிடும்.

சரி, படிப்பு எவ்வளவு தாங்கும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். மறுபடியும் சொல்கிறேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். பேனரில் இருக்கிற பிள்ளையைப் பார்க்காதீர்கள். நடுவில் நிற்கிற பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு உயரப்படி நிறுத்துவார்கள் இல்லையா? அதே மாதிரி ஒரு வருடம் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளையும் சம்பளப்படி வரிசையில் நிறுத்துங்கள். முதலில் நிற்கிற பிள்ளை 40 லட்சம் வாங்கலாம். அந்தப் பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தாலும் வாங்கியிருக்கும். உங்கள் மகளின் தவணையை முடிவு செய்வது வரிசையின் நடுவில் நிற்கிற பிள்ளை.

என் மேசைக்கு ஒரு வருடம் ஒரு தகப்பனார் பளபளப்பான விளம்பரப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அட்டையில் ஒரு பையன், கழுத்தில் டை, கையில் பூங்கொத்து, கீழே பெரிய எழுத்தில் சம்பளம். எனக்கு அந்த முகம் பழகிய முகமாகப் பட்டது. பீரோவைத் திறந்து பழைய விண்ணப்பங்களோடு வந்திருந்த புத்தகங்களைத் தேடினேன். முந்தைய வருடத்திலும் அதே பையன், அதே பூங்கொத்து. அதற்கும் முந்தைய வருடத்திலும். மூன்று புத்தகங்களையும் மேசையில் வரிசையாக விரித்து வைத்தேன். அந்த மனிதர் வெகு நேரம் எதுவும் பேசவில்லை. மூன்று வருடத்தில் வெளியே போன மற்றப் பிள்ளைகள் எல்லாம் எங்கே என்பதுதான் அவர் மனதில் ஓடியிருக்கும்.

அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. என்.ஐ.ஆர்.எஃப். என்கிற மத்திய அரசின் தரவரிசை 2016 முதல் வருடா வருடம் வருகிறது. எத்தனையாவது இடம் என்பதை விடுங்கள். அதில் கலந்துகொள்கிற நிறுவனங்கள் கொடுக்கிற தகவலைத் தங்கள் இணையதளத்தில் பிடிஎஃப் ஆகப் போட்டிருப்பார்கள். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மேல்படிப்புக்கு எத்தனை பேர் போனார்கள், வேலை கிடைத்தவர்களில் நடுவில் நிற்பவரின் ஆண்டுச் சம்பளம் என்ன, எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கும்.

அதிலும் ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். அந்தச் சம்பளம் வேலை கிடைத்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திப் பார்ப்பது. உதாரணத்துக்கு, 240 பேர் சேர்ந்தார்கள், 180 பேர் காலத்தில் முடித்தார்கள், 95 பேருக்கு வேலை, 10 பேர் மேல்படிப்பு என்று வையுங்கள். நடுச் சம்பளம் 3 லட்சம் என்று போட்டிருக்கும். ஆனால் சேர்ந்த 240 பேரையும் நிறுத்தினால் நடுவில் நிற்பது 120ஆவது பிள்ளை. வேலையும் மேல்படிப்பும் சேர்த்தே 105தான். ஆக, அந்த நடுப்பிள்ளைக்குக் கல்லூரி வழியாக வேலையே கிடைக்கவில்லை. 3 லட்சம் என்கிற எண் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சேர்ந்தவர்களிலிருந்து வேலைக்கும் மேல்படிப்புக்கும் போனவர்களைக் கழிக்கிற இந்த ஒரு கழித்தலை, பணம் கட்டப்போகிற ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்க வேண்டும். அட்டவணையே இணையதளத்தில் இல்லை என்றால், அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

சின்ன நிறுவனம் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் 40 பேர் இருக்கிற இடத்தில் வாத்தியாருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். ஆய்வகத்தில் கருவிக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. பேசவே கூச்சப்படுகிற பிள்ளை ஒன்று அப்படி ஒரு இடத்தில் நாலு வருடத்தில் தலைநிமிர்ந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கவனிப்புக்கு மதிப்பு உண்டு. என் கவலை வேறு இடத்தில்.

கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் வந்தால் ஒரே இடத்தில் ஆயிரம் பேரைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பார்கள். 200 பேர் வெளியே போகிற இடத்துக்கு அவர்கள் வருவது கஷ்டம். அதனால் அந்தப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறு கல்லூரிக்குப் பூல் கேம்பஸ் என்று, அதாவது பல கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் நடக்கும் வேலைத் தேர்வுக்கு, கூட்டிப்போவார்கள். திருச்சியில் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்படி ஒரு பஸ் வந்து நின்றதைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பிய களைப்பு கண்ணில். உள்ளே அந்தக் கல்லூரிப் பிள்ளைகளே அறுநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி வந்து வேலை வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் 3 லட்சம் கட்டியவர், வேலைக்கு அந்தப் பிள்ளை இன்னொரு கல்லூரி வாசலில் நிற்கும் என்று தெரிந்துதான் கட்டினாரா?

கவுன்சலிங் பக்கம் பார்ப்போம். சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017இல் வைத்த கல்விக் கட்டணம் 50,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தக் குழுவின் உச்சவரம்பு கிடையாது. உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரியா? அந்தக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகப் போனால்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவளா? 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் தமிழக அரசே கட்டுகிறது. குரல் பதிவில் எந்தப் பள்ளி என்று நீங்கள் சொல்லவில்லை ஐயா. அரசுப் பள்ளி என்றால் இந்த வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் கவுன்சலிங் பதிவைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை கெடுவைப் பற்றி. இந்த அவசரம் கவுன்சலிங் தொடங்குவதற்கு முன்னால் வருவது தற்செயல் இல்லை. கட்டியே தீர வேண்டும் என்று தோன்றினால் ரசீது வாங்கிக் கட்டுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி போட்டிருக்கிறது: அறிவித்த கடைசிச் சேர்க்கை நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் சின்னப் பிடித்தம் போக முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். நாள் போகப் போகக் குறையும், கடைசி நாளுக்குப் பிறகு 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. அசல் சான்றிதழ்களை அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாது. மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்ததும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று ஆசை. "அந்த 12 லட்சத்தில் கால்வாசியை என் பிள்ளை மேல் எப்படிச் செலவு செய்வது?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஈ.சி.ஈ. கிடைக்கிறது என்று வையுங்கள். அந்த 2017 கட்டணத்தை வைத்துப் பார்த்தால் இரண்டரை லட்சத்துக்குள் நாலு வருடக் கல்விக் கட்டணம் முடிந்துவிடும். நல்ல லேப்டாப் ஒன்று வாங்கிக்கொடுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகவே கேட்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய்தான். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்க அனுமதி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டம் நடத்துகிறது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் தருகிறது. உங்கள் மகள் ஆசைப்பட்ட அதே பாடம். இது சுலபம் இல்லை, இரண்டையும் சேர்த்துப் படிப்பது கடும் உழைப்பு. அவளுக்கு முடியுமா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். மூன்றாம் வருடக் கோடை விடுமுறையில் கோவையிலோ சென்னையிலோ இரண்டு மாதம் தங்கி ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பழகட்டும். சம்பளம் தராவிட்டாலும் தங்கும் செலவை நீங்கள் கொடுங்கள்.

அப்புறம் கேட் தேர்வு, எம்.டெக். போன்ற மேல்படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு. நல்ல மதிப்பெண் வந்தால் ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ எம்.டெக்., மாதம் 12,400 உதவித்தொகையோடு. முசிறிப் பக்கம் ஒரு பெண் நம் கிளையில் 2 லட்சத்துச் சொச்சம்தான் கடன் எடுத்தாள். யாரும் பெயர் கேள்விப்படாத கவுன்சலிங் கல்லூரி. இரண்டாவது தடவை எழுதி கேட் பாஸ் செய்தாள். எம்.டெக். முடித்து வேலைக்குப் போன மூன்றாவது மாதம் கிளைக்கு வந்து, கவுண்டரில் நின்று, மீதிக் கடன் முழுவதற்கும் காசோலை நீட்டினாள். இளங்கலை எங்கே படித்தாய் என்று அந்தக் கம்பெனியில் கேட்கவே இல்லை, சார் என்றாள்.

துறையூர் ஐயா, அந்தப் பல்கலைக்கழகத்தின் அட்டவணையைத் தேடி எடுத்து எனக்கு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் பெயரை மட்டும் அனுப்புங்கள், நானே தேடுகிறேன். கழித்தலை இருவரும் சேர்ந்து போடலாம். மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், கடன் பத்திரத்தில் முதல் கையெழுத்து அவளுடையதுதான். அதுவரை அந்த ஒன்றரை ஏக்கர் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.