கவாத்துக்குப் பின்

(ஏற்காட்டில் சபை ஊழியர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆயர் பெருமக்களே, உபதேசியார்களே, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். துக்கத்தைச் சொல்லாமல் நம்பிக்கையைச் சொல்ல எனக்கு வராது. ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த மலையின் உட்புறத்தில் ஒரு சிறிய ஆலயம். அங்கே ஆராதனை நடத்தப் போயிருந்தேன். நூறு பேர் உட்காரும் பெஞ்சுகளில் பதினோரு பேர் இருந்தார்கள். ஆராதனை முடிந்ததும், ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி அலமாரியைத் திறந்து ஞானஸ்நானப் பதிவேட்டை என் கையில் கொடுத்தார். முன்பக்கங்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தன. தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் எஸ்டேட் கூலி, மேஸ்திரி, சமையல், மறுபடியும் கூலி. பக்கங்கள் போகப்போக வரிகள் குறைந்து, ஓரிடத்தில் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு கோடு மட்டும் போட்ட வெற்றுத் தாள்கள். அவற்றை ராமபாணப் பூச்சி அரித்து ஓட்டை போட்டிருந்தது. "இதை மூடி வைக்கட்டுமா ஐயா?" என்று பாட்டி கேட்டார். பதிவேட்டைத்தான் கேட்டார். எனக்கு ஆலயத்தையே கேட்டதுபோல் இருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? பிள்ளைகள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் வேறு சிலர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆலயப் படி மட்டும் ஏறுவதில்லை. தேர்தல் பகை, சொத்து வழக்கு, சாதி. இந்த மூன்றையும் இந்த மேடையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? 1919இல் தரங்கம்பாடியில் அசரியா ஆயரும் மற்றவர்களும் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்றார்கள். பேசிப் பேசி 28 ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945இலேயே காலமாகிவிட்டார். தான் பார்க்கப்போகாத ஒன்றுக்காக ஒருவர் அவ்வளவு காலம் உழைத்தார். அவர் நமக்கு விட்டுச்சென்ற சபையில் இருந்துகொண்டு நாம் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுகிறோம்.

இந்த ஏற்காட்டில் 1882இல் இறந்துபோன ஒரு முதியவரையும் இங்கே நினைக்க வேண்டும். பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் மிஷனரியாக இருந்தவர். ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர். பல ஆண்டு உழைப்பு அது. 1850இல் அச்சாகி வந்தபோது தமிழ்நாட்டில் இருந்த மிஷனரிகள் பலர் அதை ஏற்கவில்லை. 1871இல் ஹென்றி பவர் என்ற மிஷனரி தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பு வந்தது. சபைகள் அதைத்தான் கையில் எடுத்தன. ஒரு மனிதனின் வாழ்நாள் வேலை ஓரமாக வைக்கப்பட்டது. அவர் என்ன செய்தார்? சந்தையிலும் வயலிலும் திண்ணையிலும் தமிழர்கள் பேசும் பழமொழிகளை முன்பே சேர்க்கத் தொடங்கியிருந்தார், அதை விடவில்லை. 1874இல் அந்தத் தொகுப்பு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு வெளிவந்தது. தன் பேச்சை ஊர் ஏற்காதபோது அவர் ஊரின் பேச்சைக் கேட்டார். நம் சபைகளுக்கு இன்று தேவைப்படும் தரிசனம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இனி காபிச் செடிக்கு வருகிறேன். யோவான் பதினைந்தாம் அதிகாரத்தில், கனி கொடுக்கிற கொடியைப் பிதா சுத்தம்பண்ணுகிறார் என்று படிக்கிறோம். எஸ்டேட்டில் அந்த வேலைக்குப் பெயர் கவாத்து. வயதான செடியைத் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டிவிடுவார்கள். பார்த்தால் செத்த கட்டைபோல் நிற்கும். முப்பது ஆண்டுகள் எஸ்டேட்டில் உழைத்த ஓர் அம்மாள் எனக்குச் சொன்னது இது: "வெட்டுவது பெரிதில்லை ஐயா. வெட்டிய பிறகு பத்துத் துளிர் வரும். நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மற்றதை ஒடித்துவிட வேண்டும். பாவம் என்று எல்லாவற்றையும் விட்டால் புதராகிப் போகும், காய்க்காது." நல்ல துளிரை விட்டாலும் ஓரிரு வருடம் மகசூல் இருக்காதாம்.

பதினோரு பேர் உள்ள சபையில் ஐந்து சங்கங்கள், ஆறு பண்டிகைகள், பத்து காணிக்கைக் கவர்கள் எதற்கு? ஒரு துளிரைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நமக்கு வந்த நஷ்டம் எல்லாவற்றையும் கர்த்தர் செய்த கவாத்து என்று சொல்லித் தப்பிக்க முடியாது. காபித் தோட்டத்தில் தண்டுத் துளைப்பான் என்று ஒரு புழு உண்டு. தண்டுக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும். இலை பழுத்து வாடும்போதுதான் வெளியே தெரியும். அந்தச் செடிக்குக் கவாத்து உதவாது. வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். சபைக்குள் சாதி அப்படிப்பட்டது.

அந்தப் பதினோரு பேரும் ஒரு துளிரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் ஒரு வீட்டுக்குப் போவது. ஆலயத்துக்கு வாருங்கள் என்று அழைப்பதில்லை, ஏன் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பது. மூன்றாவது வீட்டில் ஒரு மனிதர் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். அவருடைய அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் புதைக்க விட்டார்களாம். போனவர்களில் மூத்தவர், அன்று அந்த முடிவுக்குக் கைதூக்கியவர். பதில் சொல்ல முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நான்தான் கைதூக்கினேன், என்னை மன்னித்துவிடு தம்பி" என்றார். அந்த வீட்டு மனிதர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்த மாதம் சபை கூடி அந்தச் சுவரை எடுத்துவிடத் தீர்மானித்தது. பதிவேட்டில் புதிதாக ஒரு வரியும் இன்னும் ஏறவில்லை. பாட்டி அதை மூடவும் இல்லை. ஏடுகளுக்கு நடுவே வேப்பிலை வைத்திருக்கிறார். சுவர் இடித்த சனிக்கிழமை காலை அந்த மனிதர் வந்தார். யாரிடமும் பேசவில்லை. சொந்தக் கடப்பாரையைக் கொண்டுவந்திருந்தார்.