ஓடுபாதைக்குள் அடங்கிய பந்தாட்டக் களம்

அவையோர்க்கு வணக்கம். அண்ணா விளையாட்டரங்கத்தில் அன்றாடம் ஓடுகிறவர்களும், தூத்தூர், வள்ளவிளைக் கரைகளில் பந்தாடி வளர்ந்தவர்களும் அமர்ந்திருக்கும் நாகர்கோவிலில், தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

1951இல் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது இந்த அரங்கத்தில் அல்ல. பவநகர் மகாராஜாவின் கொடையாக 1933இல் இந்தியா கேட் அருகே எழுந்த பழைய அரங்கமே அப்போது தேசிய அரங்கமாயிற்று. 1982இல் அப்போட்டி மீண்டும் தில்லிக்கு வந்தபோதுதான் நேரு அரங்கம் கட்டப்பட்டது. அங்கே 100, 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி வென்ற பி.டி. உஷா, 1989இல் அதே நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கம் வென்றார். இடையே, 1984 செப்டம்பரில், நாட்டின் முதல் பகலிரவு ஒருநாள் கிரிக்கெட் ஆட்டமும் இங்குதான் நடந்தது.

பல விளையாட்டுகளுக்கு ஒரே அரங்கம் என்பது சொல்ல எளிது. 400 மீட்டர் ஓடுபாதையின் வழக்கமான அளவில், நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். இதற்குள் 105க்கு 68 மீட்டர் கால்பந்துக் களத்தை வரைந்தால், மூலைக்கொடிக்கும் பாதையின் உள்விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் மிஞ்சும். மூலை உதை அடிக்க ஓடி வருபவர் தடகளப் பாதையை மிதித்தே ஆக வேண்டும். பார்வையாளரோ எட்டுத் தடங்களுக்கு அப்பால் இருந்து ஆட்டத்தைப் பார்க்கிறார். கால்பந்து ரசிகர்கள் இதை ஒருபோதும் மன்னித்ததில்லை. ஆனால் தடகளத்துக்குத் தனி அரங்கம் கட்ட வசதியில்லாத நாட்டில் இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இனி பயன்பாடு. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டி முடிந்ததும் அதற்கான அரங்கங்களைப் பராமரிப்பது யார் என்ற கேள்வி எழுந்தபோது, 1984இல் இந்திய விளையாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைமையகம் இவ்வரங்க வளாகத்திலேயே இயங்குகிறது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக அரங்கம் புதிய கூரையோடு ஏறத்தாழ 60,000 இருக்கைகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. என் கணிப்பில், அந்தக் கூரையைக் காட்டிலும் பெரிய செயல் 2011இல் நடந்தது: ‘வந்து விளையாடு’ என்ற திட்டத்தில் தில்லியின் பெரிய அரங்கங்கள் பொதுமக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறக்கப்பட்டன.

ஆகவே நம் மாவட்டத்துக்குப் புதிய அரங்கம் கேட்டு மனு எழுதுவோர், இருக்கை எண்ணிக்கையை எழுதுவதற்கு முன், ஓடுபாதைப் பராமரிப்புக்கும் பயிற்சியாளர் ஊதியத்துக்கும் ஆண்டுதோறும் தொகை ஒதுக்கவும், அதிகாலையில் வாயில் திறக்கவும் கேட்டு எழுதுங்கள்.