மேட்டூர் திறந்தாச்சா?

வணக்கம். ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளிடம் எது கஷ்டம் என்று கேட்டால் நாவலையோ நாடகத்தையோ சொல்ல மாட்டார்கள். சிமிலி, மெட்டஃபர், மெட்டோனிமி, சினெக்டகி என்று கைடின் கடைசிப் பக்கத்தில் அடித்திருக்கும் அணிகளின் பட்டியலைத்தான் சொல்வார்கள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அதை நெட்டுருப் போட்டுவிட்டுப் போனால், காலையில் வினாத்தாளைப் பார்த்ததும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். குழம்பாமல் என்ன செய்யும்?

முதல் இரண்டும் எளிது. 'போல' என்று சொல்லி ஒப்பிட்டால் சிமிலி, அந்தப் 'போல'வை எடுத்துவிட்டு இதுதான் அது என்றால் மெட்டஃபர். உலகமே ஒரு நாடக மேடை என்று ஷேக்ஸ்பியர் எழுதியது இரண்டாவது வகை. இதற்கு மேல் இங்கே நிற்க வேண்டாம்.

தகராறு மெட்டோனிமியிலும் சினெக்டகியிலும்தான். ஜூன் 12 நெருங்கினால் நம் டெல்டாவில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே கேள்வி, "மேட்டூர் திறந்தாச்சா?" மேட்டூர் ஓர் ஊர், ஊரை யார் திறப்பது? ஊர்ப் பெயரைச் சொல்லி அங்கிருக்கும் அணையைக் குறிக்கிறோம், ஒன்றின் பெயரால் அதோடு ஒட்டிய இன்னொன்றைச் சொல்கிற இதுதான் மெட்டோனிமி. கும்பகோணம் பக்கம் ஒருவர் கொடிக்காலில் வெற்றிலை நட்டிருக்கிறார் என்றால் இலையையா நட்டார்? கொடியை நட்டார். உறுப்பின் பெயர் முழுசுக்கும் வந்தது, சினெக்டகி. தமிழ் வகுப்பில் இடவாகுபெயர், சினையாகுபெயர் என்று படித்து முழு மார்க் வாங்கிய பிள்ளை, அடுத்த பீரியடில் இங்கே திணறுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

அதற்காக எல்லாவற்றுக்கும் தமிழில் ஜோடி தேடாதீர்கள். ஐரனி என்றால் வஞ்சப்புகழ்ச்சி என்று எழுதிவிடுகிறார்கள், பாதிதான் சரி. புகழ்கிற மாதிரிப் பழிப்பது ஐரனியில் ஒரு வகை, சொல்வது ஒன்று, கருதுவது வேறு என்கிற வெர்பல் ஐரனியில் சேரும். டிராமாட்டிக் ஐரனி வேறு, கதாபாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்கும். நம்ம பூம்புகாரில் தொடங்குகிற சிலப்பதிகாரத்தையே எடுங்கள். கோவலன் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன, "வாரல்", அதாவது வராதே என்று கை காட்டுவதுபோல ஆடின என்கிறார் இளங்கோ. இயல்பாக நடப்பதன் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்கிற தற்குறிப்பேற்றம் என்று எழுதி நம் பிள்ளைகள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் பொற்கொல்லனையும் கொலையையும் நூலின் முகப்பில் வரும் பதிகம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறதே! கொடி சொல்வது நமக்குக் கேட்கிறது, அவனுக்குக் கேட்கவில்லை, போகிறான். டிராமாட்டிக் ஐரனிக்கு உதாரணம் தேடி நான் கிரேக்க நாடகம் வரை போக மாட்டேன்.

அலிட்டரேஷன் கிட்டத்தட்ட நம் மோனை, காதே கண்டுபிடித்துவிடும்.

அப்புறம், மார்க் விஷயம். பெயரைச் சொன்னால் ஒரு மார்க் கிடைக்கும், அந்த வரியில் அது என்ன வேலை பார்க்கிறது என்று எழுதினால்தான் மிச்சம். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் கண்ணியமானவர் என்று சீசரின் நண்பன் ஆண்டனி முதலில் சொல்லும்போது கூட்டம் அதை நிஜப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறது. சீசர் செய்த நல்லது ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே வாக்கியத்தை வைக்க வைக்க அது வசவாக மாறி, கடைசியில் அதே கூட்டம் புரூட்டஸ் வீட்டைக் கொளுத்தக் கிளம்புகிறது. வெர்பல் ஐரனி என்று இரண்டு சொல்லோடு முடித்தால் இதில் எதுவுமே விடைத்தாளுக்கு வராது. வணக்கம்.